தொகையும் அடைவும்: பழைய எழுத்து பிழைத்த வரலாறு

தமிழில் எழுதியவர் தொகை பெரிது. எழுதியவற்றுள் எஞ்சியவை சிறிது. இந்நிலைக்குக் கறையானையும் கடல்கோளையும் காரணம் காட்டுவது நீண்டநாள் வழக்கம். அவை பொய்யான காரணங்கள் அல்ல. எனினும் அழிந்தவற்றின் வரலாற்றை விடுத்து, பிழைத்தவற்றின் வரலாற்றை உற்று நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். பிழைத்த எழுத்தின் பின்னால், அதனை எண்ணிட்டு, பெயரிட்டு, வரிசைப்படுத்தி, இன்ன இடத்தில் இன்னது உள்ளது எனக் குறித்து வைத்த ஒருவர் பெரும்பாலும் இருந்திருக்கிறார். அவர் பல நேரங்களில் பெயர் தெரியாதவர். கவிஞர்க்குக் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்கும் அவர்க்குக் கிடைத்ததில்லை. ஆயினும் கவிஞர் இன்று வாழ்வது அவரால்தான். முன்னர் எழுதியவற்றை எவ்வாறு பேணுவது என்னும் வினா எழுதத் தொடங்கும் ஒவ்வொருவர்க்கும் எழுகிறது. அவ்வினாவிற்குத் தமிழ் வரலாறு தரும் விடையைத் தொகுத்துக் காண்பது பயனுடையதாகும்.

தொகுத்தோர் கண்ட நெறி

எட்டுத்தொகை என்னும் பெயரே ஒரு பேணுதல் தொழிலின் பெயர். பல காலத்தில், பல ஊரில், பல புலவர் பாடிய தனிப்பாடல்கள் பாடியவர் காலத்திலேயே நூலாக இருந்தவை அல்ல. பின்வந்தோர் அவற்றைத் திரட்டினர். திரட்டியதோடு நில்லாது, ஓர் ஒழுங்கும் கண்டனர். அகப்பாடல்களை அடியளவு பற்றிப் பகுத்தனர்: நான்கு முதல் எட்டு அடி வரையுள்ளவை குறுந்தொகையாயின, ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ளவை நற்றிணையாயின, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரையுள்ளவை அகநானூறாயின.

இவற்றுள் அகநானூற்றின் வைப்புமுறை தனித்து எண்ணத்தக்கது. ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும் பாலை. இரண்டும் எட்டும் ஈற்றில் வரும் எண்ணுடையவை குறிஞ்சி. நான்கு வருபவை முல்லை. ஆறு வருபவை மருதம். பத்து, இருபது என வருபவை நெய்தல். பாடல் எண்ணைக் கேட்ட அளவில் அதன் திணையைச் சொல்லிவிடலாம். நானூறு பாடல்களுள் ஓர் ஏடு இடம் மாறினால், அம்மாற்றத்தை எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்பது மரபுச் செய்தி. பொருள்வாரியாக அடுக்குவதா, எண்வரிசையில் அடுக்குவதா என்று இன்றும் தொகுப்பாசிரியர் தயங்கும் சிக்கலை, இரண்டையும் ஒன்றாக்கித் தீர்த்தவர் அவர்.

ஐங்குறுநூற்றின் முறை வேறு. திணைக்கு நூறு பாடல், நூற்றுக்குப் பத்துப் பிரிவு, பிரிவுக்கு ஒரு பெயர் எனக் கூடலூர் கிழார் அதனைத் தொகுத்துள்ளார். நூலினுள் நுழைபவர் வழி தவறாதபடி ஒவ்வொரு வாயிலிலும் ஒரு பெயர்ப்பலகை நிற்கிறது. புறநானூற்றில் பாடலின் கீழே திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் ஆகிய குறிப்புகள் நிற்கின்றன. இக்குறிப்புகள் இல்லையேல், பல பாடல்களில் எந்த அரசன், எந்தப் போர், எந்தப் பிரிவு என்பது விளங்காது. பாடலைக் காப்பாற்றியோர் அதன் சூழலையும் சேர்த்தே காப்பாற்றினர்.

புலவர் பெயர் மறைந்துபோன இடத்தும் அவர்கள் வெற்றிடம் விடவில்லை. பாடலில் சிறந்து நின்ற தொடரையே பெயராக்கினர். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் ஆகியோர் அவ்வாறு பெயர் பெற்றவர்கள். பெயர் அறியப்படாத ஒருவரின் பாடலையும் அடையாளம் இட்டு வைத்தால்தான் பின்வருவோர் அதனைச் சுட்டவும் பேசவும் இயலும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஏட்டின் ஆயுளும் ஆண்டின் பெயரும்

தொகுத்து வைத்தால் மட்டும் போதவில்லை. பனையோலை நம் தட்பவெப்பத்தில் சில நூற்றாண்டுகளே தாங்கும். எனவே படியெடுத்தல் தொடர்ந்து நிகழ வேண்டியிருந்தது. படியெடுத்தோர் பலர் சுவடியின் இறுதியில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்தனர். இஃது ஓர் அருமையான பழக்கம். ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. ஆண்டினைப் பிரபவ, விபவ முதலிய அறுபது பெயர்களுள் ஒன்றால் மட்டும் குறித்தவிடத்து, அப்பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் வருவதால், சுவடி எந்தச் சுற்றினைச் சேர்ந்தது என்பது தெரியாமற் போயிற்று. கொல்லம் ஆண்டினையும் உடன் குறித்தவர்களின் சுவடிகளுக்கு அந்த ஐயம் இல்லை. குறித்தவர்க்கு அந்நாளில் ஐயம் ஏதும் இருந்திராது. தம் காலத்தார்க்குத் தெரிந்தது எக்காலத்தார்க்கும் தெரியும் என எண்ணியிருப்பர். பழைய எழுத்தைப் பேணுவதில் மிகுதியாக நிகழும் பிழை இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கிறது.

படியெடுத்தல் நின்ற இடத்தில் அழிவு விரைந்து வந்தது. உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க்குச் சென்ற செய்தி பலரும் அறிந்தது. வரகுணராம பாண்டியரின் ஏடுகள் அவ்வூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்வியுற்று அவர் சென்றார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடவேண்டும் என ஆகமம் கூறுவதாகவும் அவ்வாறே செய்துவிட்டதாகவும் அங்குள்ளோர் விடை கூறினர். 'என் சரித்திர'த்தில் அவர் இதனைப் பதிவு செய்துள்ளார். தீயிலிட்டவர்கள் பகையால் இட்டவர்கள் அல்லர், பக்தியால் இட்டவர்கள். உள்ளே இருப்பது இன்னது என்று சொல்லும் ஓர் அடைவு அக்கட்டுகளின்மேல் இருந்திருப்பின் அவர்கள் கை தயங்கியிருக்கலாம்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் அவர் வாழ்விலேயே உண்டு. பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும் பணியில் இருந்தபோது, குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொடுத்த பூக்களுள் சிலவற்றின் பெயர் அமைந்த அடிகள் கிடைத்த சுவடிகளில் இல்லை. தேடிய தேட்டத்தில் தருமபுர ஆதீனத்துச் சுவடியில் அவ்வடிகள் கிடைத்தன. ஒரே நூல் பல இடங்களில் படியாக இருந்ததன் பயன் இது. ஓரிடத்துச் சுவடியில் உதிர்ந்தது வேறோரிடத்தில் நின்றது. 1887-இல் சீவக சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என அவர் பதிப்புகள் வெளிவந்தன. அகராதி, முகவுரை முதலியவற்றோடு அமைந்த அப்பதிப்புகள் நூலை மீட்டதோடு, நூலுள் வேண்டியதைத் தேடி எடுக்கும் வழியையும் தந்தன.

இதழ்க் காலத்தின் இடர்

அச்சு வந்தபின் அழிவு நீங்கியது எனக் கருதுவது இயல்பு. நூலைப் பொறுத்தவரை அக்கருத்து ஓரளவு பொருந்தும். இதழைப் பொறுத்தவரை பொருந்தாது. இருபதாம் நூற்றாண்டின் தமிழ் எழுத்தில் பெரும்பகுதி முதலில் இதழ்களில்தான் வெளிவந்தது. மரக்கூழில் செய்த மலிவான தாள் ஐம்பது ஆண்டில் பழுப்பேறி நொறுங்கியது. தைத்த கம்பி துருப்பிடித்துத் தாளை அரித்தது. நூலகத்தில் கட்டடம் செய்யும்போது மேலட்டையைக் கழித்துவிட்டவர்கள், அட்டையில் மட்டும் அச்சாகியிருந்த மாதத்தையும் ஆண்டையும் அதனோடு கழித்துவிட்டனர். ஓலை நூற்றாண்டுகள் தாங்கியது. இதழ் ஒரு தலைமுறைக்கே திணறியது.

இவ்விடரினை முழுமையாகக் காட்டுவது பாரதியாரின் எழுத்து வரலாறு. 1904-இல் சுதேசமித்திரனில் பணியேற்ற அவர், 1905-இல் சக்கரவர்த்தினி, 1906-இல் இந்தியா எனப் பல இதழ்களில் எழுதினார். 1908-இல் புதுச்சேரிக்குச் சென்றபின் இந்தியா அங்கிருந்து வெளிவந்து 1910-இல் நின்றது. விஜயா, கர்மயோகி முதலிய இதழ்களிலும் அவர் கை இருந்தது. சொந்தப் பெயரில் எழுதியதோடு ஷெல்லிதாசன், காளிதாசன், சாவித்திரி முதலிய புனைபெயர்களிலும் எழுதினார். பெயரே இல்லாமல் வெளியான தலையங்கங்களும் உண்டு. காவல் துறையின் கண்காணிப்பில் வாழ்ந்த ஒருவர் தம் எழுத்துக்கு ஒழுங்கான அடைவு வைத்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பதும் முறையன்று.

ஆயினும் அவர்க்கு அந்த வேட்கை இருந்தது. 1920-இல் கடையத்திலிருந்து அன்பர்கட்கு அனுப்பிய சுற்றறிக்கையில், தம் கையெழுத்துப் பிரதிகளை நாற்பது நூல்களாகப் பகுத்து வெளியிடும் திட்டத்தை அவர் அறிவித்து, அதற்குக் கடனுதவி வேண்டினார். தாம் எழுதியது மொத்தம் எவ்வளவு, அதனை எவ்வாறு பகுப்பது என்பதை அவர் எண்ணிப் பார்த்திருந்தார் என்பதற்கு அந்த நாற்பது என்னும் எண்ணே சான்று. உதவி திரளவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். அத்திட்டத்தை நிறைவேற்றும் பணி பின்வந்தோர்மேல் விழுந்தது. அஃது ஒரு நூற்றாண்டு நீண்டது.

முதலில் வந்த தொகுப்புகள் பாடல்களைத் தேசியம், தெய்வம் எனப் பொருள்வாரியாகப் பகுத்தன. மக்களிடம் பாரதியைக் கொண்டு சேர்த்தவை அத்தொகுப்புகளே. அவற்றின் தொண்டு பெரிது. 1949-இல் தமிழக அரசு பதிப்புரிமையை வாங்கி, 1955-இல் அதனை மக்களுக்குப் பொதுவாக்கியபின் அப்பதிப்புகள் ஊர்தோறும் பெருகின. ஆனால் பொருள்வாரிப் பகுப்பில் ஒன்று மறைந்தது: எந்தப் பாடல் எந்த ஆண்டு எழுந்தது என்பது. 1908-இன் கொந்தளிப்பில் எழுந்த பாட்டும், பின்னாளில் அமைதியில் எழுந்த பாட்டும் ஒரே தலைப்பின்கீழ் அடுத்தடுத்து நின்றபோது, கவிஞரின் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. ஓர் உள்ளம் மாறியும் திரும்பியும் நடந்த பாதை அழிந்து, அடிச்சுவடுகள் மட்டும் குவியலாகக் கிடந்தன.

இக்குறையை உணர்ந்தோர் இதழ்களைத் தேடிப் புறப்பட்டனர். ரா.அ. பத்மநாபன், பெ. தூரன், இளசை மணியன் ஆகியோர் தேடிய தேட்டத்தின் மேல் அடுத்த தலைமுறை நின்றது. சீனி. விசுவநாதன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டுப் பாரதி படைப்புகளைக் காலவரிசைப்படுத்திப் பல தொகுதிகளாக வெளியிட்டார். ஆ. இரா. வேங்கடாசலபதி விஜயா நாளிதழின் இதழ்களைப் பாரிசில் கண்டெடுத்து, அவற்றிலிருந்த கட்டுரைகளை 2004-இல் நூலாக்கினார். புதுச்சேரியில் அச்சான ஒரு தமிழ் நாளிதழைத் தமிழ்நாடு காக்கவில்லை; பிரெஞ்சு ஆட்சியின் தலைநகர் காத்தது. ஆட்சிக்கு அடைவு தேவைப்பட்டது என்பதே இதன் காரணம்.

புதுமைப்பித்தனின் கதைகளுக்கும் இத்தகைய செம்பதிப்பு 2000-இல்தான் வாய்த்தது. அவர் மறைந்தது 1948-இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அவர் கதைகள் பரவலாகப் படிக்கப்பட்டன. எனினும் எந்தக் கதை எந்த இதழில், எந்த நாளில், எந்தப் பெயரில் முதலில் வெளிவந்தது என்பதை ஒருசேர அறிய வழியில்லை. அப்பதிப்பு கதைகளைக் காலவரிசையில் நிறுத்தி, பாட வேறுபாடுகளையும் குறித்தது. எழுதியவரே ஒரு குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதி வைத்திருக்கக்கூடிய செய்தியைப் பெற, ஆய்வாளர் ஒருவர் பல நூலகங்களின் தூசியில் ஆண்டுகள் பலவற்றைக் கழிக்க நேர்ந்தது.

பழையதிலிருந்து புதியது

முன்னர் வெளிவந்தவற்றைப் பேணுதல் என்பது எல்லாவற்றையும் அடுக்கி வைப்பதோடு முடிவதன்று. காலம் அறிந்து, பழையதிலிருந்து தெரிந்தெடுத்து மீண்டும் முன்வைத்தலும் அதன் பகுதியே. இதற்குக் கவிஞர்கள் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. சி.சு. செல்லப்பா 1959 சனவரியில் எழுத்து இதழைத் தொடங்கினார். சிறிய படியெண்ணிக்கை உடைய அவ்விதழில் புதுக்கவிதைகள் மாதந்தோறும் ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்தன. மாத இதழில் சிதறிக் கிடந்தவரை அவை ஓர் இயக்கமாகப் பலர்க்குத் தெரியவில்லை. 1962-இல் செல்லப்பா அவற்றுள் இருபத்து நான்கு கவிஞர்களின் அறுபத்து மூன்று கவிதைகளைத் தெரிந்து 'புதுக்குரல்கள்' என்னும் தொகுப்பாக வெளியிட்டார். கவிதைகள் புதியன அல்ல, முன்னரே அச்சானவை. ஆனால் ஒன்றாக நின்றபோது அவை புதிய ஒரு பொருளைப் பெற்றன. புதுக்கவிதை என்று ஒன்று உண்டு என்பதற்கு அந்நூலே சான்றாயிற்று.

தொகுப்பு வந்தது என்பதற்காக மூல இதழ்கள் தேவையற்றுப் போகவில்லை. 1970 வரை வெளிவந்த எழுத்தின் 119 இதழ்களில் விவாதங்களும் மறுப்புகளும், தொகுப்பில் இடம்பெறாத கவிதைகளும் உள்ளன. தெரிந்தெடுப்பு ஒரு காலத்தின் தீர்ப்பு; அத்தீர்ப்பை மறு ஆய்வு செய்ய வருபவர்க்கு முழு இதழும் வேண்டும். எனவே முழுமையாக ஒன்று, தெரிந்தெடுத்ததாக ஒன்று என இரண்டும் வேண்டும் என்பதே செல்லப்பாவின் முயற்சி உணர்த்தும் பாடமாகும்.

பேழையும் திறவுகோலும்

தனிமனிதர் ஒருவர் தம் ஊரில் இருந்தபடியே ஒரு மொழியின் அச்சு வரலாற்றைக் காத்ததற்கு ரோஜா முத்தையா செட்டியார் சான்று. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த அவர், நூல்களோடு இதழ்கள், நாடக அறிவிப்புகள், அழைப்பிதழ்கள் எனப் பிறர் எறிந்துவிடும் தாள்களையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. தொகுப்பு கடல் கடந்து போகாமல் சென்னையிலேயே நின்றது. 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. நுண்படம் எடுத்தலும் பட்டியலிடுதலும் அங்கு நிகழ்ந்த பின்னரே கோட்டையூர் வீட்டின் பேழை உலக ஆய்வாளர் அனைவர்க்கும் திறந்தது.

ஓரிடத்தில் மட்டும் திரட்டி வைப்பதன் துயரத்தை யாழ்ப்பாணம் அறியும். 1981-ஆம் ஆண்டு மே இறுதி, சூன் முதல் நாள்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறு படி இல்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. ஈழத்து எழுத்துகளை எண்மமாக்கும் நூலகம் திட்டம் 2005-இல் தொடங்கியதை அச்சாம்பலின் நினைவோடு சேர்த்தே காண வேண்டும்.

எண்மப் படியும் தானே காவலாகிவிடாது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றித் தொண்டாற்றிய காலத்தில், தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டைக் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட கவிதை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1999-இல் தமிழக அரசு ஒரு தரத்தை அறிவித்தது. 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. மதுரைத் திட்டத்தார் தம் நூல்களைப் புதிய குறியீட்டிற்கு மாற்றினர். மாற்றாமல் விடப்பட்ட தனியார் கோப்புகள், எழுத்து அழியாதிருந்தும் படிக்க ஒண்ணாதனவாயின. ஓலைக்குப் படியெடுப்பு எவ்வாறோ, கணினிக் கோப்பிற்குக் குறியீட்டு மாற்றம் அவ்வாறு. ஒவ்வொரு தலைமுறையும் ஒருமுறை கை நீட்டினால்தான் எழுத்து அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

தொடக்கத்திலேயே செய்யத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து, எழுதத் தொடங்குவோர் கொள்ளத்தக்க நெறிகள் சில தெளிவாகின்றன. ஒவ்வொரு படைப்பின் கீழும் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் குறித்தல் முதலாவது. ஆண்டை விட்டு மாதத்தை மட்டும் எழுதுபவர், சுற்றினைக் குறிக்காத ஏட்டாளரின் பிழையையே செய்கிறார். வெளியான இதழின் பெயர், எழுதிய புனைபெயர், திருத்திய நாள் ஆகியவற்றை ஒரே குறிப்பேட்டில் வரிசையாக எழுதுதல் இரண்டாவது. கைப்படிகளைக் காலவரிசையில் அடுக்கி, பொருள்வாரிப் பட்டியலைத் தனியே வைத்தல் மூன்றாவது. அகநானூற்றுத் தொகுப்பாளர் ஒரே எண்ணில் அடக்கியதை, எளியோர் இரண்டு பட்டியல்களால் அடையலாம். படிகளை வெவ்வேறு இடங்களில் வைத்தல் நான்காவது. சில ஆண்டுகட்கு ஒருமுறை பழையதைப் படித்துத் தெரிந்தெடுத்தல் ஐந்தாவது.

இவற்றோடு ஒன்று கூறத்தக்கது. இளமையில் எழுதியவை பின்னர் நாணம் தருவது எழுதுவோர் பலர்க்கும் நேர்வது. அந்நாணத்தில் கிழித்தெறிந்தோர் பலர். பழைய கவிதையைத் திருத்துவதற்குக் கவிஞர்க்கு முழு உரிமை உண்டு; தொகுப்பில் சேர்க்காது விடுவதற்கும் உரிமை உண்டு. ஆனால் திருத்திய வடிவம் பழைய வடிவத்தை மாய்க்க வேண்டுவதில்லை. இரண்டும் தத்தம் நாளோடு இருக்கலாம். முதல் கவிதை எவ்வளவு எளியதாயினும், பத்தாம் ஆண்டுக் கவிதை எங்கிருந்து புறப்பட்டது என்பதைக் காட்ட அதுவன்றி வேறு சான்று இல்லை. இலக்கிய வட்டங்கட்கும் இது பொருந்தும். கூட்டத்தில் படிக்கப்பட்ட கவிதை, படித்தவர் பெயர், நாள் ஆகிய மூன்றும் வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் அன்றே எழுதப்படுமாயின், பின்னாளில் ஓர் ஆய்வாளரின் பத்தாண்டு உழைப்பு மிஞ்சும்.

புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவில்லை. எனினும் பதிப்பாசிரியர் பின்வரும் பாடல்களை முன்னகர்த்தி அவ்வெண்களை நிரப்பவில்லை. இரண்டு எண்களும் இன்றுவரை வெறுமையாகவே நிற்கின்றன. அங்கு ஏதோ இருந்தது என்பதை அவ்வெறுமை சொல்கிறது. என்றேனும் ஒரு சுவடி கிடைக்குமாயின் அப்பாடல்கள் வந்து அமர அங்கே இருக்கை உண்டு. எண்ணிடப்படாத பாடல்கள் எத்தனையோ அதே காலத்தில் மறைந்தன. அவற்றிற்கு வெற்றிடம்கூட எஞ்சவில்லை.